மெய்லர் டீமன் என்கிற மர்ம மனிதர்

டிஸ்கி: இதுல நடுவுல கொஞ்சம் தொழில்நுட்பம் வரும். பொட்டி தட்டாத மக்கள் பயப்பட வேண்டாம், தபால்காரர் கதை மாதிரியே சொல்லியிருக்கேன். பொட்டி தட்டுற மக்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் இது நடக்கும்.

"மருமவனே, இந்த மெய்லர் டீமன்ங்கது யாரு?"

2024 ஆடித்தபசு. கொடியேறி நாலாம் நாள் ராத்திரி. மாமா வீட்டுல அத்தை வச்ச புளிக்குழம்பைச் சாப்பிட்டுட்டு, பின்கட்டுல கை கழுவிக்கிட்டு இருந்தேன். மாமா வாசப்படியில நின்னுக்கிட்டு ரொம்ப சாதாரணமா கேட்டாரு.

"ஏன் மாமா?"

"இல்ல, ஒரு மாசமா கடுதாசி மேல கடுதாசி போடுதாரு. எல்லாம் இங்கிலீஷ்ல, முழ நீளத்துக்கு. நமக்குத் தெரிஞ்ச ஆளு மாதிரி இல்ல. நீதான சொன்ன, தெரியாத ஆளு மெயில் போட்டா திறக்காதீங்க, அழிச்சிருங்கன்னு. வர வர அழிச்சிருதேன்."

கையில இருந்த சொம்பு தானா கீழ விழுந்துச்சு. நிஜமாவே விழுந்துச்சுங்க, எஃபெக்ட்டுக்காகச் சொல்லலை.

விஷயம் தெரியாதவங்களுக்கு: மெய்லர் டீமன் மனுஷன் இல்லை. நாம அனுப்புற மின்னஞ்சல் போய்ச் சேரலைன்னா, "ஐயா, உங்க கடிதம் திரும்பி வந்துருச்சு, காரணம் இது"ன்னு சர்வர் நமக்கு எழுதுற பதில் கடிதம் அந்தப் பேர்லதான் வரும். டீமன்னா பேய் இல்லை, பின்னணியில சத்தமில்லாம ஓடிக்கிட்டு இருக்குற நிரல். அப்போ ஒரு மாசமா மாமா அனுப்புற மெயில் எல்லாம் திரும்பி வந்துக்கிட்டு இருக்கு. சர்வரும் பொறுப்பா ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டு இருக்கு. மாமாவும் நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே பொறுப்பா அழிச்சிக்கிட்டு இருக்காரு.

அந்த சர்வரை அமைச்சுக் கொடுத்த மகராசன் யாருன்னு கேக்குறீங்களா? அடியேன்தான். அவ்வ்வ்வ்...

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

சங்கரன்கோவில் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. முன்னாடி திருநெல்வேலி மாவட்டம், 2019 நவம்பர்ல இருந்து தென்காசி மாவட்டம். சிவனும் பெருமாளும் ஒரே உடம்புல பாதிப்பாதியா நிக்கிற சங்கரநாராயணர் கோயில் இருக்குற ஊரு. கோயிலை விட்டா விசைத்தறி. எங்க தெருவுல காலையில அலாரம் வைக்கவே வேண்டாம், தறிச்சத்தமே எழுப்பி விட்டுரும். மாமாவுக்கு ஆறு தறி. காட்டன் சேலை. கேரளாவுல ரெண்டு மூணு கடைக்கு ரொம்ப வருஷமா சரக்கு அனுப்புறாரு.

அதுல ஒரு கடையில பழைய முதலாளியோட மகன் பொறுப்புக்கு வந்தாரு. இனிமே விலைப்பட்டியல், ஆர்டர் எல்லாம் மெயில்லதான், அதுவும் கம்பெனி பேர்ல இருக்குற மெயில் ஐடியிலதான்னு சொல்லிட்டாரு. மாமாகிட்ட இருந்தது ஒரு இலவச மெயில் ஐடி. பேரு, அதுக்குப் பின்னாடி பொறந்த வருஷம், அதுக்குப் பின்னாடி அத்தை பேரு. மாமா எனக்குப் போன் போட்டாரு. "மருமவனே, நீ கம்ப்யூட்டர்லதான வேலை பாக்க?"

நியாயமா நான் என்ன செஞ்சிருக்கணும்? மாசம் இவ்வளவுன்னு காசு கட்டுற ஏதாவது ஒரு மின்னஞ்சல் சேவையில கணக்கு திறந்து கொடுத்துட்டு அப்பாலிக்கா போயிருக்கணும். மாமாவே கேட்டாரு, "நம்ம தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலதான் அந்த ஸோஹோ கம்பெனி இருக்காம்லா, அவங்ககிட்ட சொன்னா ஆகாதா?"ன்னு. ஒன்றரை மணி நேரப் பயணத்துல மின்னஞ்சல் சேவை கொடுக்கிற நிறுவனம். 2025-ல மத்திய அரசு ஊழியர்களோட 12 லட்சம் மெயில் கணக்கை அவங்க தளத்துக்கு மாத்தினதா செய்தி வந்துச்சே, அதே நிறுவனம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் எதுக்கு மாமா, நானே சொந்தமா சர்வர் போட்டுத் தாறேன்."

சொந்த செலவுல சூனியம்னு சொல்வாங்களே, இது மாமா செலவுல.

முதல் முயற்சி காமெடி. பழைய லேப்டாப் ஒண்ணை மாமா வீட்டு மச்சுல வச்சு அதையே சர்வர் ஆக்கப் பாத்தேன். வீட்டு இணைப்புக்குத் தனியா பொது ஐ.பி. முகவரியே கிடையாது, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரு முகவரி. அப்படியே கிடைச்சாலும், வீட்டு இணைப்பு முகவரிகளைத் தொகுத்து "இங்க இருந்து நேரடியா மெயில் வந்தா வாங்காதீங்க"ன்னு ஸ்பாம்ஹவுஸ் ஒரு தனிப் பட்டியலே வச்சிருக்காங்க. தப்பு செஞ்சவங்க பட்டியல் இல்லை அது. வீட்டுல இருந்து யாரும் மெயில் சர்வர் நடத்த மாட்டாங்கங்கிற கணக்கு. நல்ல கணக்குதான். லேப்டாப் திரும்ப மச்சுல இருந்து இறங்கிருச்சு.

அடுத்து வாடகை சர்வர். மாசம் ஐநூறு ரூபாய்க்குக் கிட்ட. டெபியன், அது மேல போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட். போஸ்ட்ஃபிக்ஸ் எனக்குப் பிடிச்ச மென்பொருள். ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்துல இருந்தப்போ வீட்ஸ வெனிமா எழுதினது, 1998-ல வெளிவந்துச்சு. ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்ன நிரலா உடைச்சு, ஒண்ணு மேல இன்னொண்ணுக்கு ரொம்ப நம்பிக்கை இல்லாத மாதிரி அமைச்சிருப்பாரு. கூட்டுக்குடும்பத்துல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி பீரோ சாவி மாதிரி.

உள்ள வர்ற மெயில் முதல் நாளே வந்துருச்சு. வெளிய போற மெயில் மட்டும் போகலை. வரிசையில போய் உட்காந்துக்குது. லாக்கைப் பாத்தா, "இணைப்பு நேரம் கடந்துவிட்டது". மெயில் சர்வர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசுறது 25-ம் நம்பர் போர்ட்ல. வாடகை சர்வர் கொடுக்குறவங்க நிறையப் பேரு, வெளிய போற 25-ஐப் புது வாடிக்கையாளர்களுக்கு மூடி வச்சிருப்பாங்க. ஸ்பாம் அனுப்புற கும்பல் முதல்ல ஓடி வர்றது அங்கதானே. டெல்நெட் போட்டு எந்த சர்வரோட 25-க்கு அடிச்சாலும் பதிலே வராது. மறுப்பு கூட வராது. பூட்டின வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி. இது தெரியாம ரெண்டு நாள் என் அமைப்புக் கோப்புகளைத் திருத்திக்கிட்டே இருந்தேன். இதுல இன்னொரு சங்கடம்: போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பா அஞ்சு நாள் வரைக்கும் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், அதுவரைக்கும் அனுப்பினவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. "தாமதமாகுது"ன்னு சொல்ல வைக்கிற வசதி உண்டு. நாமதான் போட்டுக்கணும்.

"என்ன மாதிரி மெயில் அனுப்புவீங்க, தினம் எத்தனை"ன்னு அவங்க கேட்டதுக்கெல்லாம் பதில் எழுதி, ஒரு நாள் காத்திருந்து, 25 திறந்துச்சு. என்னோட மெயிலுக்கு ஒண்ணு அனுப்பிப் பாத்தேன். வந்துருச்சு! மாமாவோட ஆடிட்டருக்கு ஒண்ணு. அதுவும் போயிருச்சு!! மாமாவுக்குப் போன்ல எப்படித் திறக்கணும்னு சொல்லிக்கொடுத்து, கூடவே அந்தப் பொன்மொழியையும் சொல்லி ("தெரியாத ஆளு மெயிலைத் திறக்காதீங்க மாமா, வைரஸ்"), சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். அத்தை முறுக்கு எல்லாம் கொடுத்து விட்டாங்க. ஆபீஸ்ல டமேஜர்கிட்ட கூட பெருமை அடிச்சுக்கிட்டேன்.

இப்போ திரும்ப புளிக்குழம்பு ராத்திரிக்கு வருவோம்.

லேப்டாப்பை எடுத்துக்கிட்டு மச்சுக்குப் போனேன். கீழ ரெண்டு தறி ஓடிக்கிட்டு இருக்கு. முதல்ல மாமாவோட மெயில் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். பதினாலு. மெய்லர் டீமன், மெய்லர் டீமன், மெய்லர் டீமன்னு வரிசையா பதினாலு கடுதாசி, ஒண்ணு கூடத் திறக்காம. முதல் கடுதாசி மூணு வாரத்துக்கு முந்தினது. யாருக்கு அனுப்பினது திரும்பிச்சுன்னு பாத்தேன்.

அந்தக் கேரளாக் கடை. ஓணத்துக்கான விலைப்பட்டியல். 600 சேலை.

அதே கடைக்கு நாலு தடவை அனுப்பியிருக்காரு மாமா. நாலும் திரும்பியிருக்கு. ஆனா வேற சில பேருக்கு அனுப்பினது ஒழுங்காப் போயிருக்கு. ஒரே ஆளுக்கு அனுப்பினதுல கூட ஒண்ணு போயிருக்கு, அடுத்தது போகலை. இந்த மாதிரி "சில நேரம் போகும், சில நேரம் போகாது" பிரச்சினைதான் நம்ம தொழில்லயே பெரிய தலைவலி. முழுசா கெட்டுப்போனதை அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிரலாம்.

திரும்பின கடுதாசியில 550 5.7.25ன்னு போட்டிருந்துச்சு. பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி துல்லியமான எண் அது: முகவரியைத் தலைகீழாத் தேடிப் பாத்தேன், பேரு சரியா வரலைன்னு அர்த்தம்.

தலைகீழ்த் தேடல்னா என்ன? வழக்கமா பேரைச் சொல்லி ஐ.பி. எண்ணைக் கேப்போம். இது எண்ணைச் சொல்லி பேரைக் கேக்குறது. பி.டி.ஆர். பதிவுன்னு பேரு. வாசல்ல வந்து நிக்கிற ஆளு "நான் இன்னாரு வீட்டுல இருந்து வாறேன்"னா, அந்த வீட்டுக்கே போன் போட்டு "உங்க வீட்டுல இருந்து ஆளு அனுப்பினீங்களா?"ன்னு கேக்குற மாதிரி. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. இந்தப் பதிவை உங்க டொமைன் பலகையில போட முடியாது. ஐ.பி. யாருக்குச் சொந்தமோ அவங்ககிட்ட, அதாவது வாடகை சர்வர்காரங்க பலகையிலதான் போடணும். நிறையப் பேரு தப்பான இடத்துல போட்டுட்டு "போட்டேனே, போட்டேனே"ம்பாங்க.

ஆனா நான் சரியான இடத்துலதான் போட்டிருந்தேன்! அடிச்சுப் பாத்தேன், பேரு சரியா வருது. அப்புறம் என்னடா?

மணி ஒண்ணு. தறி நின்னுருச்சு. அத்தை ஒரு தடவை வந்து, "கண்ணு கெட்டுப்போயிரும், படு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. திரும்பின கடுதாசியை இன்னொரு தடவை எழுத்தெழுத்தா படிச்சேன். அதுல என் சர்வரோட முகவரின்னு போட்டிருந்த எண்... எனக்குத் தெரிஞ்ச எண்ணே இல்லை. நீளமா, நடுநடுவுல முக்காற்புள்ளி புள்ளியா...

ஐ.பி.வி.6!

வாடகை சர்வர் கொடுத்தவங்க, பழைய பாணி முகவரியோட ஒரு ஐ.பி.வி.6 முகவரியையும் சேர்த்தே கொடுத்திருக்காங்க. நான் கண்டுக்கவே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் கண்டுக்கிச்சு. எதிர்த்தரப்புல ரெண்டு விதமான முகவரியும் இருந்தா, எந்த வழியா போறதுன்னு இயல்பா அது சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரிதான் எடுக்கும். பழைய வழியில போன மெயில் எல்லாம் ஏத்துக்கிட்டாங்க. புது வழியில போனதுக்கு பி.டி.ஆர். இல்லை, திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு தடவை 550ன்னு தீர்மானமா சொல்லிட்டா, போஸ்ட்ஃபிக்ஸ் இன்னொரு வழியில முயற்சி செய்யாது. அதோட கதை முடிஞ்சது. ஆக நான் சோதிச்ச ரெண்டு மெயிலும் போனது என் திறமையால இல்லை. பூவா தலையாவுல ரெண்டு தடவை பூ விழுந்திருக்கு. மாமாவுக்கு நாலு தடவை தலை.

எங்க ஊர் கதை ஒண்ணு உண்டு. சங்கன், பதுமன்னு ரெண்டு நாகம். சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரான்னு சண்டை. கோமதி அம்மன் தபசு இருந்து, ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு சாமி ஒரே உருவமா காட்சி கொடுத்த நாள்தான் ஆடித்தபசு. அந்தத் திருவிழா நடக்குற தெருவுல உக்காந்துக்கிட்டு, ஒரே சர்வருக்கு ரெண்டு பாதி இருக்குங்கிறது எனக்குத் தெரியலை பாருங்க. ஹி ஹி.

உடனடி வைத்தியம் ஒரே வரி: பழைய வழியை மட்டும் பயன்படுத்துன்னு போஸ்ட்ஃபிக்ஸ்கிட்ட சொன்னேன். ஒழுங்கான வைத்தியம், ஐ.பி.வி.6-க்கும் பி.டி.ஆர். போட்டு, அந்தப் பேரைத் தேடினா அதே எண் திரும்ப வர்ற மாதிரி செஞ்சு, எஸ்.பி.எஃப். பதிவுலயும் அதைச் சேர்க்கறது. அதை மறுநாள் செஞ்சேன்.

எஸ்.பி.எஃப்.னு சொன்னேன்ல. இதெல்லாம் ஏன் வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இந்தப் பதிவுலயே எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். மின்னஞ்சல் அனுப்புற முறையை ஜான் போஸ்டல் 1982-ல எழுதி வச்சப்போ, அந்த வலையில இருந்தவங்க பெரும்பாலும் பல்கலைக்கழக ஆட்களும் ஆராய்ச்சியாளர்களும். அனுப்புநர்னு நீங்க என்ன பேரு போட்டாலும் நம்பிக்குவாங்க. இன்லேண்ட் லெட்டர் பின்னாடி அனுப்புநர் முகவரியில பிரதமர்னு எழுதினாலும் தபால்காரர் கேக்கவா போறாரு? இத்தனைக்கும் அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 1978 மே மாசம், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியோட விற்பனை ஆளு ஆர்பாநெட்ல சுமார் 400 பேருக்கு விளம்பரம் அனுப்பி எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டாரு. முதல் ஸ்பாம்னு அதைத்தான் சொல்றாங்க. எச்சரிக்கை வந்தும் கதவுக்குப் பூட்டு போடலை.

பூட்டு எல்லாம் பின்னாடி ஒண்ணொண்ணா வந்துச்சு. எஸ்.பி.எஃப்: "எங்க வீட்டுக் கடுதாசியை இந்த இந்த ஆளுதான் கொண்டு வருவான்"னு ஊருக்கு அறிவிக்கிறது. டி.கே.ஐ.எம்: கடுதாசி மேல அரக்கு முத்திரை, நடுவுல யாராவது பிரிச்சு மாத்தினா தெரிஞ்சிரும். டிமார்க்: இது ரெண்டும் சரியா இல்லைன்னா கடுதாசியைக் கிழிச்சுப் போடலாமா, ஓரமா வைக்கலாமான்னு வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லி வைக்கிறது. ரொம்ப காலம் இதெல்லாம் இருந்தா நல்லதுங்கிற அளவுலதான் இருந்துச்சு. 2024 பிப்ரவரியில கூகுளும் யாஹூவும் கண்டிப்பாக்கிட்டாங்க. ஜிமெயிலுக்கு தினம் 5000-க்கு மேல அனுப்புறவங்களுக்கு மூணும் வேணும், நம்மளை மாதிரி சில்லறை ஆசாமிகளுக்கும் எஸ்.பி.எஃப். இல்லைன்னா டி.கே.ஐ.எம். ஒண்ணாவது வேணும், பி.டி.ஆர். வேணும். நான் சர்வர் போட்டது அதுக்கு மூணு மாசம் கழிச்சு. தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

சரி, வழி சரியாயிருச்சு. ரெண்டு மணிக்கு என்னோட மெயிலுக்குப் பத்து தடவை அனுப்பினேன். பத்தும் போச்சு. ஆனா எல்லாம் ஸ்பாம் பெட்டிக்கு. தலைப்பகுதியை விரிச்சுப் பாத்தா டி.கே.ஐ.எம். தோல்வி. முத்திரை போட்டிருக்கேன், ஆனா முத்திரையைச் சரிபார்க்க டி.என்.எஸ்.ல வச்சிருக்குற சாவி பாதியிலயே முடியுது. 2048 பிட் சாவி நீளமானது. டி.என்.எஸ். உரைப்பதிவுல ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான், அதுக்கு மேல போனா ரெண்டு துண்டா மேற்கோள் குறிக்குள்ள பிரிச்சுப் போடணும். சில பலகைகள் தானா பிரிச்சுக்கும். நான் பயன்படுத்தின பலகை மீதியை சத்தமில்லாம வெட்டிட்டு, "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது"ன்னு பச்சை நிறத்துல வேற சொல்லியிருக்கு. பிரிச்சுப் போட்டேன். சரியாச்சு.

இன்னும் ஒண்ணு பாக்கி. ஒரு கறுப்புப் பட்டியல்ல என் ஐ.பி. இருந்துச்சு. எனக்கு முன்னாடி அந்த எண்ணை வாடகைக்கு எடுத்த புண்ணியவான் என்ன அனுப்பினாரோ! முன்ஜென்மப் பாவம். எங்க ஊர்ல புத்தி பேதலிச்சவங்களைக் கோமதி அம்மன் சன்னதி முன்னாடி இருக்குற ஸ்ரீசக்கரத்துல உட்கார வைப்பாங்க. ஐ.பி.யை உட்கார வைக்க முடியாதே, படிவம் நிரப்பி நீக்கச் சொல்லிக் கேட்டேன். மறுநாள் எடுத்துட்டாங்க.

அதெல்லாம் சுலபம். காலையில மாமாகிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு.

ஆறு மணிக்கு தறிக்கொட்டகையில இருந்தாரு. ஓணத்துக்காக ரெண்டு தறியில பாவு ஏத்தி வச்சிருந்தாரு. ஆர்டர் வரும்னு நம்பி நூலும் வாங்கிப் போட்டிருக்காரு. பச்சைக்கரை. பழைய முதலாளி இருந்தப்போ வருஷா வருஷம் வந்த ஆர்டர்தான். "விலை அனுப்பி மூணு வாரமாச்சே மாமா, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"ன்னு கேட்டேன். கேக்கும்போதே எனக்கு அசிங்கமா இருந்துச்சு.

"போன் போடாதீங்க, எல்லாம் மெயில்லன்னு சொல்லிட்டாம்லா அந்தப் பய. ரெண்டு தடவை கேட்டா, நம்ம சரக்கு ஓடலைன்னு நெனைப்பான். அதான் திரும்பத் திரும்ப மெயிலே போட்டேன்."

நான் எல்லாத்தையும் சொன்னேன். ஐ.பி.வி.6 எல்லாம் சொல்லலை. "மாமா, உங்க கடுதாசி ஒண்ணு கூட அவங்களுக்குப் போகலை. சர்வரை நான் ஒழுங்கா அமைக்கலை. அந்த மெய்லர் டீமன் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. அதையும் படிக்க விடாம நானே கெடுத்துட்டேன்."

கொஞ்ச நேரம் பாவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அறுந்த இழை ஒண்ணை எடுத்து முடிச்சுப் போட்டாரு. அப்புறம், "அப்போ அந்த ஆளு நல்லவன்தான் போல. பதினாலு தடவை வந்து கதவைத் தட்டியிருக்கான். நாந்தான் திறக்கல"ன்னாரு.

திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஒன்பது மணிக்குக் கடைக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன். அந்தப் பக்கம் மகன்தான் எடுத்தாரு. மரியாதையாத்தான் பேசினாரு. "மெயில் ஒண்ணும் வந்நில்லல்லோ அண்ணாச்சி. ரெண்டு வாரம் பாத்தோம். நீங்க இந்த வருஷம் வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நெனைச்சு வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்." மாமா பாதி மலையாளத்துல என்னென்னமோ சொல்லிப் பாத்தாரு. கடைசியில நூறு சேலை வாங்கிக்கிறேன்னு சொன்னாரு அந்தத் தம்பி. மாமா சரின்னாரு. 600-க்கு நூறு.

ரெண்டு தறியில ஒண்ணு ஒரு வாரம் நின்னுச்சு. அதை ஓட்டுற அண்ணனுக்குத் தபசு திருவிழாவுக்குக் கொடுக்குற முன்பணத்தை மாமா குறைக்கலை. அந்த வாரத்துக் கூலியை நான் தாறேன்னு அத்தைகிட்ட காசைக் கொடுத்தேன். அத்தை வாங்கலை. "மாமாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் ஏசுவாரு"ன்னுட்டாங்க. சென்னைக்கு வந்து, மாமா கணக்குல கட்டுற சர்வர் வாடகையை என் கணக்குக்கு மாத்திக்கிட்டேன். அதை இதுவரைக்கும் அவர் கவனிக்கலை. இதைப் படிக்கிற சொந்தக்காரங்க யாராவது போட்டுக் கொடுத்துராதீங்க.

பச்சைக்கரை நூல் வீணாப் போகலை, தீபாவளிக்கு வேற ரகத்துல ஓட்டிட்டாரு. லாபம்தான் இல்லை.

இவ்வளவு ஆனப்புறமும் வேற சேவைக்கு மாத்திரலாம் மாமான்னு கேட்டேன். இந்தத் தடவை உண்மையாவே கேட்டேன். தொழிலுக்குன்னு கேட்டா நான் இப்போ யாருக்கும் சொந்த சர்வர் போடச் சொல்ல மாட்டேன். உங்க சொந்த மெயிலுக்குப் போட்டு விளையாடுங்க, கத்துக்கலாம். அடுத்தவங்க தறியில விளையாடாதீங்க. மாமாவோ, "இப்போ ஓடுதுல்லா? ஓடுற தறியை எதுக்குப் பிரிக்க?"ன்னுட்டாரு.

அதனால ஒரு வேலை செஞ்சேன். போஸ்ட்ஃபிக்ஸ்ல, திரும்பி வர்ற கடுதாசியோட வாசகத்தை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கிற வசதி இருக்கு. பல வருஷமா இருக்கு, நான் அறிஞ்சு யாரும் தொடுறதில்லை. அந்த இங்கிலீஷ் எல்லாத்தையும் எடுத்துட்டு, தமிழ்ல இப்படி எழுதி வச்சேன்: "மாமா, நீங்க அனுப்புன மெயில் போய்ச் சேரலை. இது வைரஸ் இல்லை. அழிச்சிராதீங்க. உடனே எனக்குப் போன் பண்ணுங்க." அனுப்புநர் இடத்துல மெய்லர் டீமனை எடுத்துட்டு என் பேரைப் போட்டேன். கீழ வழக்கம்போல காரணம் இங்கிலீஷ்ல வரும். தினமும் ராத்திரி, அன்னைக்குத் திரும்பினது எத்தனைன்னு எண்ணி எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புற மாதிரி சின்னதா ஒரு நிரலும் எழுதினேன். மெயில் இல்லைங்க, குறுஞ்செய்தி. மெயில் கெட்டதை மெயில்லயே சொல்லச் சொல்ற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகலை.

நவம்பர்ல ஒரு நாள், ஆபீஸ்ல ஆணி தலைக்கு மேல. டமேஜரோட முக்கியமான மீட்டிங். மாமா போன். எடுக்கலை. திரும்ப. திரும்ப. வெளிய வந்து எடுத்தேன்.

"மருமவனே, இப்பத்தான் நீ ஒரு மெயில் போட்டிருக்க. கடுதாசி போகலன்னு."

"நான் போடலை மாமா, அது சர்வர்... சரி, கீழ இங்கிலீஷ்ல என்ன இருக்கு, எழுத்துக்கூட்டிப் படிங்க."

படிச்சாரு. அத்தையும் கூட சேர்ந்து படிச்சாங்க. எதிர்த்தரப்புப் பெட்டி நிறைஞ்சிருச்சு, இடமில்லைன்னு அர்த்தம். நம்ம தப்பு இல்லை மாமா, அவரு பழைய மெயிலை எல்லாம் அழிச்சாத்தான் போகும்னு சொன்னேன்.

"அப்படியா? நான் பாத்துக்கிடுதேன், நீ உள்ள போ."

பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்பவும் போன். அந்த வியாபாரிக்கு நேரா போன் போட்டு, "உங்க பெட்டி நிறைஞ்சு கிடக்கு அண்ணாச்சி, பழசை அள்ளிப் போடுங்க, ஆனா மெய்லர் டீமன்னு ஒருத்தர் எழுதியிருந்தா மட்டும் அழிச்சிராதீங்க, அவரு நம்ம ஆளுதான்"னு சொல்லிட்டாராம்.